மேஸ்திரிக்குச் சொன்ன வேண்டுதல்

எங்கள் மேஸ்திரி ரொம்ப நல்லவர். அவரே அடிக்கடி சொல்லுவார். திண்டிவனம் பக்கத்திலிருந்து எங்களை அட்வான்ஸ் கொடுத்துக் கரும்பு வெட்டத் திருவாலங்காட்டுக்குக் கூட்டிவந்து இறக்கியதும், தொலைந்துவிடக் கூடாதே என்று எல்லோருடைய ஆதார் அட்டையையும் வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். எங்கள் மேல் அவ்வளவு அக்கறை. டீ குடிக்க ரோட்டுக்குப் போனால்கூடப் பின்னாலேயே வருவார்.

வெட்டு பாதியில் இருக்கும்போது ஊரிலிருந்து போன் வந்தது. என் அம்மாவிடம் விட்டுவந்த மகள் வயசுக்கு வந்துவிட்டாள், வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றுகிறார்கள். மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"வெட்டு முடியட்டும்மா. பொண்ணு எங்க ஓடிடப் போவுது?" என்றார். அட்டையும் கிடையாது என்றார்.

பக்கத்து நிலத்தில் களையெடுக்கும் உள்ளூர் அக்காதான் வழி சொன்னாள். "அட்வான்ஸ் குடுத்துட்டா ஆள புடிச்சி வச்சிக்கலாமா? கேஸாயிடும். திருத்தணில தாசில்தாருக்கும் மேல இருக்கற ஆர்.டி.ஓ. ஆபீஸ் கீது, போய் சொல்லு."

ஆனால் திருத்தணிக்கு விட வேண்டுமே. மேஸ்திரிக்கு இருக்கும் ஒரே பயம் முருகன்தான். கிருத்திகை தவறாமல் மலையேறுகிறவர். அதனால் மகளுக்காக முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். சாமி காரியம், அவரால் மறுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரை வயலிலேயே நிறுத்திக்கொண்டு, எனக்குக் காவலாகத் தன் மனைவியை அனுப்பினார். அவளும் எங்களோடு கரும்பு வெட்டுகிறவள்தான்.

மலையில்தான் மாட்டிக்கொண்டேன். அவள் பக்கத்தை விட்டு நகரவேயில்லை. பொய் வேண்டுதலுக்கு இடுப்புவரை இருந்த முடி நிஜமாகவே போனது. சந்தனம் பூசிய மொட்டையோடு சன்னதியில் நின்றபோது, முருகன் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலத்தான் இருந்தது.

இறங்கியதும் பஸ்ஸுக்குப் போகாமல் ஆபீஸ் பக்கம் நடந்தேன். தடுப்பாள் என்று நினைத்தேன். கூடவே வந்தாள். அதிகாரியிடம் நான் திக்கித்திணறிச் சொல்லி முடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"என் கார்டும் அந்தப் பொட்டிலதான் கீது சார். எங்க அண்ணன் சாவுக்குக்கூட என்ன அனுப்பல."

அன்றைக்கே ஆபீஸ் ஆட்கள் எங்களோடு நாங்கள் தங்கியிருந்த கொட்டகைக்கு வந்தார்கள். "பத்திரமா இருக்கட்டும்னுதான் சார்" என்று வழிந்துகொண்டே மேஸ்திரி பெட்டியைத் திறந்தார். முதலில் கை நீட்டியது அவர் மனைவி. மேஸ்திரியை விசாரணைக்கு வரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பந்தலில் மகளைவிட என் மொட்டையைத்தான் சொந்தக்காரர்கள் அதிகம் பார்த்தார்கள். மகள் மட்டும் மஞ்சள் கையால் அதைத் தடவிக்கொடுத்தாள்.

"என்னாம்மா வேண்டிகின?"

"உன்ன வந்து பாக்கணும்னுதான்" என்றேன்.