காற்று நின்ற ஜூலை

சிலி நாட்டின் தென்கோடியில் ஓயாமல் காற்றடிக்கும் புந்தா அரெனாஸில் காற்று நின்றுபோகுமே என்று கவலைப்பட்டவர் எனக்குத் தெரிந்து நெவென்கா பாரியா ஒருவர்தான். காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, கிடைக்கும் ஹைட்ரஜனை வைத்து மெத்தனால் தயாரிக்கும் ஆலை எங்களுடையது. அதில் எதை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்று கணக்குப் போட்டவர் அவர். நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன்.

மேலாளர் காஸ்தோன் அவரைச் சீண்டுவார்.

"சராசரியப் பாத்துத் தொட்டியக் கட்டுங்க நெவென்கா. இந்த ஊர்லயா காத்துக்குப் பஞ்சம்? போன வாரம் என் கார் கதவையே பிச்சுக்கிட்டுப் போச்சு."

"ஆலை சராசரியில ஓடாது காஸ்தோன். அன்னன்னைக்கு அடிக்கிற காத்துலதான் ஓடும்."

பழைய வருடங்களின் காற்றுப் பதிவுகளையெல்லாம் கணினியில் கலைத்துக் கலைத்துப் போட்டுப் பார்த்தார். முடிவில் ஒரு காற்றாலையைக் குறைக்கச் சொன்னார். அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கி, மெத்தனால் உலை காற்றுக் குறைந்தால் அடங்கி ஓடவும் வழி செய்யச் சொன்னார். காஸ்தோன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எங்கள் ஊரில் ஜூலைதான் நடுக்குளிர்காலம். ஆலையின் முதல் ஜூலையில் உறைபனி இறங்கியது. புகைபோக்கிப் புகை நேராக மேலே போனது. ஊருக்கு முன்னால் இருக்கும் ஜலசந்தி அசையவில்லை. ஊரார் குடும்பத்தோடு கரையில் உலாவினார்கள். எங்கள் தொட்டி வற்றிக்கொண்டே வந்தது.

"வானிலையில நாளைக்குக் காத்து வருதுன்னு போட்டிருக்கான். முழுசா ஓட்டுங்க. மெத்தனால் ஏத்தக் கப்பல் காத்துக்கிட்டு நிக்குது" என்றார் காஸ்தோன்.

"நேத்தும் நாளைக்குன்னுதான் போட்டிருந்தான்" என்ற நெவென்கா, உலையை அடக்கச் சொன்னார்.

அப்படியும் காற்று வரவில்லை. அவர் கணக்கில் பார்த்த மிக மோசமான வருடத்தையும் அந்த அமைதி தாண்டிப் போனது. மாத்தே டீயை உறிஞ்சியபடி திரையையே பார்த்திருந்தவர், "என் கணக்கு தப்பிருச்சு. இவ்வளவு நீளும்னு நான் நினைக்கல" என்றார். குரல் உயரவில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றார் காஸ்தோன்.

"நிறுத்திருவோம். தொட்டியில மிச்சமிருக்கிற ஹைட்ரஜன் உலை ஆறாம வச்சிருக்கப் பத்தும். அதையும் ஓட்டித் தீத்துட்டா, காத்து வந்தாலும் நம்மால எழுந்திருக்க முடியாது."

காஸ்தோன் துறைமுகத்துக்குப் போன் போட்டார். கப்பல் பாதிச் சரக்கோடு கிளம்பியது. நெவென்கா ஜன்னலருகே நின்று அது போவதைப் பார்த்தார்.

காற்று ஒரு மதியம் வந்தது. முதலில் தகரக் கூரை முனகியது, அப்புறம் காற்றாலைகள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. உலை சூடாகவே இருந்ததால், இருட்டுவதற்குள் மெத்தனால் சொட்ட ஆரம்பித்தது. காஸ்தோன் எல்லோருக்கும் ஆட்டுக்கறி சுட்டுப் போட்டார்.

வசந்தத்தில் இரண்டாவது ஆலைப் பேச்சு வந்தது.

"இந்தத் தடவை தொட்டி எவ்வளவு பெருசு? நீங்களே சொல்லுங்க" என்றார் காஸ்தோன்.

"இந்த ஜூலையையும் சேத்துப் பாத்துட்டுச் சொல்றேன். ஆனா இதவிட மோசமா ஒண்ணு வராதுன்னு மட்டும் என்கிட்ட எழுதி வாங்காதீங்க."

காஸ்தோன் சிரித்தார். அந்த வாரமே கணக்கைத் தொடங்கிவிட்டார் நெவென்கா.