கடலை வண்டியில் ஒரு பேணி

என் மகளுக்குக் கச்சான், அதுதான் நிலக்கடலை, ஒத்துவராது. தின்றால் முகம் வீங்கிவிடும். அதனால் கொழும்பில் வெள்ளவத்தைக் கடற்கரைக் கடலை வண்டியில் அவளுக்கு வறுத்த கொண்டைக்கடலை மட்டுமே வாங்குவேன். ஒருநாள் அதைத் தின்றும் உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் தப்பினாள்.

கச்சான் எங்கிருந்து வந்தது? மறுநாள் போய் வண்டியருகே நின்று பார்த்தேன். கச்சான் அளந்த தகரப் பேணியாலேயே கடலையையும் அளந்தார் வண்டிக்காரர்.

“பேணியைக் கழுவுறேல்லையோ அண்ணை?”

“ரெண்டும் காய்ஞ்ச சாமான்தானே, தங்கச்சி!”

அன்றிலிருந்து கடலை அளக்க என் பேணியையே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காரணத்தைச் சொன்னேன். இப்போது பையைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே சிங்களத்தில் கேட்கிறான்: “பேணி இருக்கா?”