தண்ணீரில் நின்ற மிளகாய்த் தோட்டம்

இத்தனைக்கும் காரணம் ஒரு ஜியோமெட்ரி பெட்டிதான். இந்த ஜூன் மாதம், என்னோடு கல்லூரியில் படித்த கலா டீச்சராகச் சேர்ந்திருந்த பள்ளியைப் பார்க்கப் போயிருந்தேன். சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் இறங்கி உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். மத்தியானம் பிள்ளைகளின் தட்டில் சத்துணவுச் சாம்பார் விழுந்தது. நிறமும் இல்லை, காரமும் இல்லை. ஏழாம் வகுப்பு தேவி தன் ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்தாள். காம்பஸுக்குப் பக்கத்தில் இரண்டு பச்சை மிளகாய். ஒன்றைக் கடித்துக்கொண்டாள். இன்னொன்றைத் தோழியின் தட்டோரத்தில் வைத்தாள். கையில் கொடுத்தால் சண்டை வருமாம்.

பள்ளிக்குப் பின்னால் பதினைந்து சென்ட் நிலம் முள் மண்டிக் கிடந்தது. மிளகாயைப் பெட்டியில் தூக்கி வருவானேன், இங்கேயே போடலாமே என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. எனக்கு ஒன்று தோன்றினால் அதற்குப் பிறகு தூக்கம் வராது. வீட்டில் திட்டு வாங்குவதே இதற்காகத்தான்.

அந்த நிலத்தின் மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகும் வேன் கான்ட்ராக்டர். வண்டி நிறுத்த இடம் கொடுத்தால் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவாராம். தலைமையாசிரியர் இரண்டு பக்கமும் யோசித்து எனக்கு ஒரு கெடு வைத்தார். "காலாண்டுப் பரீட்சை முடியற அன்னிக்கு இந்தத் தோட்டத்து மிளகா சத்துணவுச் சாம்பார்ல விழணும். விழலேன்னா நெலம் வேனுக்கு."

ஜூலையில் நட்டோம். மிளகாய், கொஞ்சம் கத்தரி, ஓரமாக வெண்டை. பிள்ளைகள் குரூப் குரூப்பாகப் பிரிந்து வேலை செய்தார்கள், குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். ஆகஸ்ட்டில் பார்த்தபோது செடிகள் பச்சைப் பசேலென்று இருந்தன. அதன் பிறகு ஒரு மாதம் போக முடியவில்லை.

செப்டம்பர் கடைசி வெள்ளி, பரீட்சை முடியும் நாள். காலை எட்டரைக்குத் தாம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றேன். கையில் ஒரு மூட்டை வேப்பம் புண்ணாக்கு. வாலாஜாபாத் வண்டியின் கண்டக்டர் மூட்டையைப் பார்ப்பதற்கு முன்பே முகர்ந்துவிட்டார்.

"இன்னாம்மா அது, நாத்தம் தாங்கல."

"புண்ணாக்குங்க. ஸ்கூல் செடிக்கு."

"செடி துன்னும். பாசஞ்சர் துன்ன முடியுமா? எறக்கு."

அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அதன் கண்டக்டருக்கு ஜலதோஷம், ஏற்றிக்கொண்டார். எனக்கு ஒரு டிக்கெட், மூட்டைக்கும் ஒரு டிக்கெட். முடிச்சூர் தாண்டி மண்ணிவாக்கம், படப்பை என்று வண்டி எல்லா நிறுத்தத்திலும் நின்றது. ஒரு நிறுத்தத்தில் டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்கு இப்படி ஒரு பயணத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். இறங்கியபின் ஒன்றரை கிலோமீட்டர் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தேன்.

பரீட்சை முடிந்த மணி அடித்தபோது பள்ளியின் பின்பக்கம் போய் நின்றேன். தோட்டம் பளபளவென்று மின்னியது.

தண்ணீர். பதினைந்து சென்ட்டும் தண்ணீர். நான்கு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வரப்பு. பூசி மெழுகியதுபோல் அத்தனை நேர்த்தி. நடுவில் மிளகாய்ச் செடிகள் மஞ்சளாகி, தலை தொங்கி, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. பிள்ளைகள் என்னைச் சுற்றி ஓடி வந்தார்கள்.

"மிஸ், ஒரு சொட்டு வெளிய போவல பாருங்க," என்றான் வரப்பு கட்டிய குரூப்பின் தலைவன் ஏழுமலை.

"டேய், இது நெல்லு இல்லடா. மிளகா."

"தெரியும் மிஸ். அதான் நெல்லுக்கு வுடறதுல பாதிதான் வுட்டோம்."

அவர்கள் வீடுகளில் எல்லோரும் இப்போதுதான் சம்பா நட்டிருந்தார்கள். தண்ணீரைக் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் இங்கே மரியாதை. பக்கத்து நிலத்துக்காரர் முனுசாமி அண்ணன் மோட்டார் கொட்டகையிலிருந்து சிரித்த முகத்தோடு வந்தார்.

"பசங்க கொடம் கொடமா தூக்கினு இருந்தாங்கம்மா. பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. மூணு வாரமா நம்ம வாய்க்கால வெட்டி வுட்டுக்கினு இருக்கேன். காசு கீசு ஒண்ணும் வாணாம்."

உதவி செய்தவரை எப்படித் திட்டுவது? கலாவைத் திட்டலாம் என்று திரும்பினேன். அவள் சென்னையில் பிறந்தவள். "செழிப்பா இருக்குன்னு நெனச்சேன்டி" என்றாள்.

வரப்பை வெட்டச் சொன்னேன். ஏழுமலை மண்வெட்டியைக் கொடுக்கவே மாட்டேன் என்றான். அவன் கட்டிய வரப்பு. கடைசியில் நானே பிடுங்கி வெட்டினேன். எந்தப் பக்கம் வெட்டுகிறோம் என்று பார்க்கவில்லை. தண்ணீர் நேராக விளையாட்டுத் திடலுக்குப் போய், கபடிக் கோட்டை அழித்து, தலைமையாசிரியரின் சைக்கிளைச் சுற்றிக்கொண்டது. அவரோடு சுற்றுச்சுவருக்கு அளவெடுக்க வந்திருந்த கான்ட்ராக்டரும் வாசலில் நின்றார்.

"எதுக்கு மேடம் மொளகா? மீனு வுட்டிருக்கலாம்," என்றார்.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. "சாம்பார் கொதிக்குதும்மா. நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

செடி செடியாகப் புரட்டிப் பார்த்தேன். பூ உதிர்ந்திருந்தது, பிஞ்சு அழுகியிருந்தது. அப்போது வரப்பின் தூரத்து மூலையில் தேவி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். அவளுக்குப் பின்னால் ஏழெட்டு மிளகாய்ச் செடிகள் வரப்பின் மேலேயே நிமிர்ந்து நின்றன. வெள்ளைப் பூக்களோடு.

"இது யார் நட்டது?"

"எங்க குரூப்பு மிஸ். நாத்து பாக்கி இருந்துச்சு. உள்ள எடமெல்லாம் பசங்க புடிச்சிக்கினாங்க. வரப்புல நட்டோம்னு எல்லாம் சிரிச்சாங்க."

இலையை விலக்கினேன். ஒரே ஒரு மிளகாய், என் சுண்டுவிரலில் பாதி.

நான் தொடுவதற்குள் தேவி அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். சமையல் கொட்டகையில் சத்துணவு ஆயா அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். மிளகாயை அவர் கையில் கொடுக்காமல் பக்கத்தில் கழற்றி வைத்திருந்த அண்டா மூடிமேல் வைத்தாள் தேவி.

"ஆயா, போடு."

"இத்த வச்சிக்கினு நூறு பிள்ளைக்கு இன்னா காரம் வரும்?"

"நீ போடு ஆயா. சார் பார்க்கணும்."

ஆயா கிள்ளிக்கூடப் போடவில்லை. அப்படியே போட்டார். மிளகாய் ஒரு சுற்று சுற்றி உள்ளே போனது. கான்ட்ராக்டர் தலைமையாசிரியரைப் பார்த்தார்.

"சார், வரப்புல மொளச்சதெல்லாம் தோட்டக் கணக்கா?"

"வரப்பு இல்லாம வயல் ஏதுய்யா? விழணும்னு சொன்னேன், விழுந்துடுச்சு," என்றார் அவர், ஈரமான செருப்பை உதறிக்கொண்டே. பிறகு என்னிடம் திரும்பினார். "அரையாண்டு வரைக்கும்மா. அப்ப ஒண்ணு விழுந்தா போதாது. வாயில காரம் தெரியணும்."

அந்தச் சாம்பாரை நானும் சாப்பிட்டேன். காரம் சுத்தமாக இல்லை.

திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. படப்பை வரை இரண்டு பக்கமும் வயல், தண்ணீர், வரப்பு. எரிச்சல் தீரவில்லை. எங்கள் குரோம்பேட்டையில் ஒரு பூந்தொட்டி வைக்க இடம் இல்லாமல் அடித்துக்கொள்கிறோம், இங்கே பதினைந்து சென்ட்டையும் ஏரியாக்கி வைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழை வேறு வரப்போகிறது. அது ஏழுமலையைக் கேட்டுக்கொண்டு பெய்யாது.

ஆனால் இந்தப் பிள்ளைகள் அளவுக்கு வரப்பு கட்டத் தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை. விடுமுறை முடிந்ததும் போகிறேன். நிலம் முழுக்க வரப்பு மட்டும்தான். ஒரு வரப்பு, ஒரு வாய்க்கால், மறுபடி வரப்பு. செடி மேலே, தண்ணீர் கீழே, மழைத் தண்ணீர் வெளியே. வாய்க்கால் திடல் பக்கம் போகாது. இந்த முறை பார்த்து வெட்டுவேன். கட்டுவது ஏழுமலை குரூப்பு, நடுவது தேவி குரூப்பு. முனுசாமி அண்ணனிடம் போய், தயவுசெய்து எங்களுக்கு உதவி செய்யாதீர்கள் என்று கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.