கோமதி டீச்சர் உடைத்த ஜன்னல்

சென்ற செவ்வாய்க்கிழமை வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, ராஸ் அல் கைமாவிலிருந்து எனக்கு போன் வந்திருப்பதாக ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். லைனில் ஒரே இரைச்சல். கோமதி டீச்சரின் கணவர் சங்கரன் பேசினார். "சார், கோமதி நம்மள விட்டுட்டுப் போயிட்டா. காலையில காபி போட்டுக்கிட்டே நின்னா, நெஞ்ச வலிக்குதுன்னு உக்காந்தா. அவ்வளவுதான்" என்றார். போனை வைத்தேன். வகுப்புக்குத் திரும்பி வந்து பாதியில் நின்ற கணக்கை முடித்தேன்.

டீச்சரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துபாயில் எங்கள் பள்ளியில் அவர் பூகோளம் எடுத்தார், நான் கணக்கு. அவருக்குத் திருநெல்வேலி, எனக்கு மதுரை. அவர் பேசினால் அடுத்த வகுப்பிலும் பாடம் நடக்கும். ஸ்டாஃப் ரூமில் எங்கள் இருவருக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. டைம்டேபிளில் ஆரம்பித்து டீயில் சர்க்கரை வரைக்கும் சண்டைதான். சங்கரன் வடக்கே மலையோரத்து ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஃபாக்டரியில் இன்ஜினியர். வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் டீச்சருக்குச் சண்டை போட வேறு ஆள் இல்லை என்று நான் கேலி செய்வேன். "உங்ககூட சண்டை போடுதது ஒரு சண்டையா சார்? கைவலிக்குத் தைலம் தேச்ச மாதிரி" என்பார்.

சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளோடு போன பனிமலைப் பயணம் அவருடைய யோசனை. ஒருநாள் இமயமலைப் பாடத்தில், பனி என்பது ஃப்ரிட்ஜுக்குள் ஒட்டியிருக்குமே, அதுவா மிஸ் என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே டீச்சர் ஆரம்பித்துவிட்டார். "கேட்டியளா சார்? நம்ம பிள்ளையளுக்குப் பனின்னா ஐஸ்பெட்டிதான் தெரியுது. இதுகள மலைக்குக் கூட்டிட்டுப் போயே ஆகணும். பனியில சறுக்கி விளையாடட்டும்." உங்களுக்குச் சறுக்கத் தெரியுமா என்றேன். "விழத் தெரியும். அது போதும்" என்றார்.

ஈரானில், டெஹ்ரானுக்கு வடக்கே மலைக்குள் ஒரு பள்ளத்தாக்கு. விமானத்தில் போய், பிறகு பஸ். பையன்களின் பெற்றோர் உடனே சரி என்றார்கள். பெண்பிள்ளைகளை அனுப்பத்தான் ஆளில்லை. டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினார். வசந்தி என்று ஒரு மாணவி. அவளுடைய அப்பா சென்னைக்காரர், பேங்கில் ஆபீஸர். அவர் வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். "பொண்ணுங்களுக்கு எதுக்கு டீச்சர் ஸ்கீயிங் எல்லாம்? நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார்.

"நான் சொல்லுதேன். உங்க பொண்ணு ஏர்போர்ட்டுல தன் கால்ல நடந்து வந்து உங்க கையப் பிடிப்பா. போதுமா?"

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவரும் மற்றவர்களும் அனுப்பினார்கள். இந்தத் தடவை நல்லபடியாகப் போய் வந்துவிட்டால் வருடாவருடம் போகலாம், பெண்பிள்ளைகளைத் தடுக்க யாருக்கும் வாய் இருக்காது என்பது டீச்சரின் கணக்கு. ஆண் துணை என்ற பெயரில் என்னையும் இழுத்துக்கொண்டார்.

துபாயில் அந்த நாளில் கம்பளிச் சட்டை தேடுவதைப் போல வீண்வேலை வேறில்லை. ஊரிலிருந்து மங்கி குல்லா வரவழைத்தார்கள். அப்பாக்களின் சாக்ஸை இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டார்கள். டீச்சர் சேலைக்குள் சங்கரனின் பேன்ட், மேலே இரண்டு ஸ்வெட்டர். பனியைக் கண்டதும் பிள்ளைகள் கத்திய கத்தலில் பஸ் டிரைவர் பயந்து வண்டியை நிறுத்திவிட்டார். சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு டீச்சர் முதல் நாள் விழுந்ததை எண்ண முடியாது. கற்றுக்கொடுத்த ஈரானியப் பையனிடம், அரபியும் உருதுவும் கலந்து "யல்லா பாய், ஜல்தி!" என்று அவரே உத்தரவு போட்டார். அவனும் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டான். நான் ஓரமாக நின்றேன். "என்ன சார், வேடிக்கை பாக்கவா டிக்கெட் எடுத்திய?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பனிக்காற்று சுழற்றி அடித்தது. விளையாட்டை நிறுத்திவிட்டு விடுதிக்குத் திரும்பினோம். பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பெரிய அறை, நடுவில் மண்ணெண்ணெய் கணப்பு. கொஞ்சம் படுத்து எழுந்து வருகிறோம் என்று போனார்கள். டீச்சரும் நானும் கீழே டீ குடித்தோம். கூப்பிட்டு அனுப்பியும் ஒருத்தியும் வரவில்லை. டீச்சர் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் குழறலாக, "தலை வலிக்குது மிஸ்" என்றது. கதவைத் தள்ளினால் அடியில் ஏதோ தடுத்தது. இருவரும் தோளைக் கொடுத்து நெம்பினோம்.

கதவுக்கு அடியில் ஈரத் துண்டுகள். ஜன்னல் இடுக்கிலும் துண்டுகள். துபாயில் நம் வீடுகளில் மணல்காற்று வீசினால் செய்வோமே, அதே வேலை. தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு நூல் இடைவெளி விடாமல் பக்குவமாக அடைத்திருந்தார்கள். புகை போகட்டும் என்று விடுதிக்காரர் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்த இடுக்கு அது. கணப்பு எரிந்துகொண்டிருந்தது, அதன் விஷப்புகை அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் கிடந்த கிடையைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். டீச்சர் ஜன்னலுக்கு ஓடினார். கொக்கி பனியில் உறைந்து அசையவில்லை. சறுக்குபூட்ஸ் ஒன்றை எடுத்து ஓங்கி அடித்தார். கண்ணாடி நொறுங்கியது, அவர் கையும் கிழிந்தது. "நிக்காதீய சார், தூக்குங்க!" என்று அலறினார். ஒவ்வொருத்தியாகத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கிடத்தினோம். குளிர்காற்று பட்டதும் வாந்தி எடுத்தார்கள், அழுதார்கள். வசந்தி மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. "ஏட்டி வசந்தி, எந்திட்டி, உங்கப்பாவுக்கு நான் என்னட்டி சொல்லுவேன்" என்று கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அவள் இருமினாள். டீச்சர் பனியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

டாக்டர் வந்து பார்த்து, எல்லாரும் தப்பித்தார்கள் என்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு ஒருத்தி, "வீட்ல ஸ்டார்ம் வந்தா அம்மா இப்படித்தானே பண்ணுவாங்க மிஸ்?" என்றாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்?

அன்று சாயங்காலம் எங்கள் பெரிய சண்டை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஊரைக் கூட்டிச் சொல்லுவானேன் என்றேன். சொன்னால் இனி ஒரு பெண்பிள்ளையும் வெளியே கிளம்ப முடியாது என்றேன்.

"தெரியும் சார். ஆனா இது இவளுக தப்பில்ல. நாம எல்லாரும் பழக்கின பழக்கம். வளைகுடா முழுக்க நம்ம ஆளுக இடுக்க அடைச்சிட்டுத்தான் இருக்காங்க. குளிர்காலத்துல எவன் எங்க அடுப்பப் பத்தவச்சிட்டு அடைக்கானோ! நான் வாய மூடிக்கிட்டு இருந்தா அது யாரு தலையில விடியும்?"

துபாய் ஏர்போர்ட்டில் வசந்தி தன் காலில் நடந்து போய் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் முகம் மலர்ந்து நன்றி சொன்னார். அந்த நிமிஷத்தோடு டீச்சர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கட்டுப்போட்ட கையோடு நின்று, எல்லாப் பெற்றோரையும் கூப்பிட்டு, துண்டு அடைத்ததிலிருந்து வசந்தி இருமியது வரை சொன்னார். இன்னும் சத்தமாக, வீட்டில் அடுப்போ கணப்போ எரியும்போது இடுக்கை அடைக்காதீர்கள் என்றும் சொன்னார். வசந்தியின் அப்பா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போதும் டீச்சர். இதுவே முதலும் கடைசியும்" என்றார். மறுவாரமே பள்ளியில் பயணங்களுக்குத் தடை வந்தது. டீச்சர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டாஃப் ரூமில் என்னிடம் மட்டும், "பாவம் சார், அடுத்த வருசம் போகவேண்டிய பிள்ளையளுக்குத்தான் கொடுத்து வைக்கல" என்றார். அடுத்த கல்வியாண்டு கணவரோடு இருக்க ராஸ் அல் கைமா போய்விட்டார். அவர் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்றே நான் போன வாரம் வரை நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராஸ் அல் கைமாவுக்குத் துக்கம் கேட்கப் போனேன். உடலை ஊருக்கு அனுப்ப ஆஸ்பத்திரியில் பெட்டியில் வைத்திருந்தார்கள். வாசலில் கல்குவாரித் தொழிலாளர் கேம்ப்பைச் சேர்ந்த நம் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். டீச்சருக்கும் இவர்களுக்கும் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. முன்னால் நின்றவர் பெயர் செல்லையா, புதுக்கோட்டைப் பக்கம். அவரிடமே கேட்டேன்.

"குளிர் ஆரம்பிச்சா வெள்ளிக்கிழமை தவறாம சங்கரன் சாரோட பிக்கப்பு வண்டியில கேம்ப்புக்கு வந்துருவாங்க சார். ரூம் ரூமா நுழைஞ்சு, கரியடுப்ப உள்ள வைக்காதீங்க, கதவிடுக்குல சாக்கத் திணிக்காதீங்கன்னு சண்டை போடுவாங்க. மொத வருசம் நாங்க காதுலயே வாங்கல. மலைக்குளிரு தாங்காம அடைச்சுக்கிட்டுத்தான் படுத்தோம். ஒருநா எனக்குத் தலை கிறுகிறுன்னு வந்துச்சு. டீச்சர் போட்ட சத்தம் ஞாபகம் வந்து, தவழ்ந்து போயி கதவத் தொறந்தேன். இந்தா நிக்கிறாங்களே, இவங்க அத்தனை பேரும் அந்த ரூமு சார்."

பக்கத்தில் நின்ற சங்கரன் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் பெட்டியை வண்டிக்குக் கொண்டுபோக ஆட்கள் இருந்தார்கள். "நீங்க விடுங்க, நாங்க தூக்குறோம்" என்று கேம்ப் ஆட்கள் முன்னால் வந்து தோள் கொடுத்தார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். வண்டிக் கதவைச் சாத்திய பிறகும் அவர்களில் ஒருவரும் நகரவில்லை.

டீச்சர், நம் கடைசிச் சண்டையில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். உங்கள் பக்கத்துச் சாட்சிகள் உயிரோடு வந்து நின்றார்கள். போய் வாருங்கள்.