பொட்டு வைத்த கார்பைன்

என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் வைத்திருக்கும் பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்காத ஆளில்லை. சுடுவது பிடிக்கும், அவ்வளவுதான். காகித அட்டையைத் தவிர வேறெதற்கும் என்னால் ஆபத்தில்லை.

கைத்துப்பாக்கிக்குப் போடும் சிறிய தோட்டாவையே போட்டு, தோளில் அணைத்துச் சுடும் குட்டை ரைபிள் அது. கார்பைன் என்பார்கள். உதை குறைவு, தோள் வலிக்காது. தஞ்சாவூரில் நான் போகும் கிளப்பில் பெரிய துப்பாக்கிக்காரர்கள் அதைப் பொம்மை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரருக்கோ அதைக் கண்டாலே ஆகாது. அவருக்குத் துபாயில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் "அத வித்துடு" என்பார். போன வருடம் லீவில் வந்திருந்தபோது சண்டை முற்றி ஒரு முடிவுக்கு வந்தோம். விஜயதசமியன்று கிளப்பில் நடக்கும் போட்டியில் நான் மாவட்ட அணிக்குத் தேர்வானால் துப்பாக்கி வீட்டில் இருக்கும். இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். ரோஷத்தில் சரி என்றுவிட்டேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. டிராக்டர், மோட்டார், அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் நான் கழுவித் துடைக்க, அவர் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தோட்டா இல்லாத கார்பைனும் வரிசையில் இருந்தது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டு, துப்பாக்கியை அப்படியே உறையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினோம்.

என் முறை வந்தது. தோளில் அணைத்துக் கண்ணை வைத்தால் ஒரே இருட்டு. பின்பக்கம் குறி பார்க்கும் சின்ன வட்டத் துளையில் சந்தனம் அடைத்துக் கல்லாய்க் காய்ந்திருந்தது. அதன்மேல் அழகாகக் குங்குமம்.

வேண்டுமென்றே செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு முகம் வெளிறிவிட்டது. "பாக்க கண்ணு மாதிரி இருந்துச்சு, அதான் அங்க வெச்சேன்... ஐயையோ, சார், அவளுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க சார்!" என்று நடுவரிடம் கெஞ்சினார். நடிப்பெல்லாம் அவருக்கு வராது.

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார். தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டினேன்.

"பொம்மைக்குக் காது குத்துறாங்கப்பா!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் ஆத்திரமும் போய்விட்டது. குண்டுகள் கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மாவட்ட அணியில் கடைசியாக இருந்த ஓர் இடம் எனக்குக் கிடைத்தது.

திரும்பும் வழியில், ஒரத்தநாடு தாண்டியதும், "இனிமே விக்கச் சொல்லக் கூடாது" என்றேன்.

"சொல்லல. நீ தனியா இருக்க. அத வெச்சுக்கிட்டு ஏதாச்சும் ஆயிட்டா நான் அங்கேருந்து என்ன பண்ணுவேன்? அந்தப் பயந்தான்."

எனக்குச் சுருக்கென்றது. இதைச் சொல்லத் தெரியாமல்தான் இத்தனை வருடமாகத் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் தனியா இருக்கறதுதான் பயம்னா, துப்பாக்கிய ஏங்க விக்கணும்? நீங்க ஊரோட வந்துடுங்க."

அவர் காரை ஓரங்கட்டினார். பக்கத்து வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி, அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"நம்ம வயல்ல நடவு இன்னும் முடியலேல்ல?"

"பாதிதான் ஆயிருக்கு. ஆள் கெடைக்கல."

"அப்ப துபாய் டிக்கெட்ட கேன்சல் பண்ணிடவா?"

"இதக்கூடக் கேப்பாங்களா? பண்ணுங்க" என்றேன்.