பெண் பார்க்க வந்தவளுக்குப் போட்ட படம்

மாமாவுக்கு மூளை இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பெண் பார்க்க ஆள் வருகிற ஞாயிற்றுக்கிழமை யாராவது அடிமை வியாபாரப் படம் எடுத்து வருவார்களா?

எண்பதுகளின் கடைசி. கிங்ஸ்பரியில் மாமியின் வீட்டில் இருந்தேன். மாமி என் அப்பாவின் தங்கை. ஊரில் நடந்த போருக்குள்ளிருந்து என்னை லண்டனுக்கு எடுத்துவிட்டவள். அந்த நன்றிக்கு அவளுடைய இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சமைத்து, துவைத்து, கக்கூஸ் கழுவினேன். சம்பளமா? பேச்சே இல்லை. படிக்கப் போகிறேன் என்றால் "பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்பாள். என் பாஸ்போர்ட் அவளுடைய அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

வெளியேற எனக்குத் தெரிந்த ஒரே வழி கல்யாணம். லண்டனிலேயே பிளேஸ்டோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூட நான் கேட்கவில்லை. அவருடைய அக்கா என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்று நான் நேர்த்தி வைக்காத சாமி இல்லை.

தமிழ்ப் படம் போட்டால் பட்டிக்காடு என்று நினைப்பார்களாம்; அதனால் மாமா இங்கிலிஷ் கசெட் எடுத்து வந்தார். எப்போதோ தியேட்டரில் ஓடி, ஏச்சு வாங்கி, மறந்துபோன படம். யாரோ தூசி தட்டி வீடியோவில் விட்டிருந்தார்கள். அட்டையில் கப்பல், சங்கிலி, வெறும் முதுகோடு ஒரு கறுப்புப் பெண். "சரித்திரப் படம்" என்றார் மாமா. சரித்திரமாம்! அந்தச் சனங்களைக் கட்டி அடிப்பதையும் உடுப்பை உரிப்பதையும் காட்டிக் காசு பார்க்க எடுத்த படம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ரிமோட் உடைந்து போனதால் வீடியோ டெக்குக்குப் பக்கத்தில் நிலத்தில் நான் இருக்க வேண்டும். முத்தமோ வெறும் உடம்போ வந்தால் மாமா "ஓட்டு, ஓட்டு" என்று கத்துவார்; நான் கசெட்டை வேகமாக முன்னே ஓட்டுவேன். எல்லாரும் யன்னல் பக்கம் திரும்புவார்கள். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை பார்க்கக் கூடாத காட்சி எப்போது முடிகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியவள் குமர்ப்பிள்ளையான நான். எப்படி இருக்கிறது கதை!

அக்கா வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு, தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்துவிட்டுப் படத்தைப் போட்டேன். உடம்பு வந்த இடமெல்லாம் ஓட்டினேன். சாட்டையடியை ஓட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. "ஐயோ, பாவங்கள்" என்றபடி அக்கா ரோல்ஸைக் கடித்தாள். பிறகு அடிமைச் சந்தை வந்தது. ஒரு பெண்ணை மேடையில் ஏற்றி, வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தான் ஒருவன். அவள் துணியில்லாமல் நின்றாள். "ஓட்டு!" ஓட்டினேன். அந்த வேகத்தில் அவளுடைய கைகால் வெட்டிவெட்டி ஆட, மூவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா மாமியைக் கேட்டாள்: "வீட்டு வேலையெல்லாம் தெரியுமோ?"

"என்ன கதைக்கிறியள்! விடிய எழும்பினா படுக்குமட்டும் ஓயமாட்டாள். வருத்தமெண்டு ஒருநாள் படுத்ததில்லை."

"எங்கடை அம்மா பாரிசவாதத்திலை கிடக்கிறா. தூக்கிக் கிடத்த ஒரு ஆள் வேணும். நானும் தம்பியும் ஷிப்ட். கலியாணத்தை உடனை வைப்பம்."

மாமியின் முகம் மாறியது. "உடனை ஏலாது அக்கா. சின்னவன் பள்ளிக்கூடம் போகுமட்டும் எனக்கு இவள் வேணும்."

"அப்ப வெள்ளி, சனி, ஞாயிறு எங்களோடை. மற்ற நாள் உங்களோடை."

"அது நல்ல யோசினை" என்றார் மாமா. மூவருக்கும் சந்தோஷம். மாப்பிள்ளைக்குப் பெண்டாட்டி வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

எழும்பினேன். "எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம், அக்கா. அம்மாவைப் பாக்க ஒரு நேர்ஸைப் பிடியுங்கோ."

மாமி எல்லார் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தாள். காது கூவியது. அக்கா பதறவில்லை, கோட்டை எடுத்து மாட்டினாள். "எடுக்க முன்னமே இப்பிடி வாய் காட்டினா, எடுத்தாப் பிறகு?"

மாமி வாசல்வரை பின்னால் ஓடி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குறை நினையாதேங்கோ அக்கா. கொஞ்ச நாள் பொறுங்கோ, நான் திருத்தித் தாறன்."

என் அப்பாவோடு கூடப் பிறந்தவள் சொன்னது இது.