ஊர் டெங்கும் கொழும்பு டெங்கும்

நோர்வே நாட்டு நுளம்பைக் கண்டால் எனக்கு இளக்காரம்தான் வருகிறது. கோடையில் ஏரிக்கரைக்குப் போனால் எங்கள் ஊர் நுளம்பைவிட இரண்டு மடங்கு பெருத்தவை கூட்டமாக வந்து கடிக்கின்றன. வெறும் அரிப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகின்றன. என்னோடு வேலை செய்கிற ஒருவர் தன் கையில் உட்கார்ந்த ஒன்றை நிதானமாகக் குடிக்கவிட்டு ரசித்துக்கொண்டிருந்தார். நான் பழக்கதோஷத்தில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டேன். “உனக்கு என்ன ஆயிற்று?” என்று கையைத் தடவிக்கொண்டே கேட்டார். நுளம்புக்குப் பயப்படத் தேவையில்லாத மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதற்கு முந்திய மாரி மழையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்குப் போய், என் மூத்த சகோதரியின் வீட்டில் தங்கித் திரும்பியிருந்தேன். ராத்தா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். இங்கே வந்து இறங்கிய கையோடு எனக்குக் காய்ச்சல். அதே கிழமைக்குள் அங்கே அவளுக்கும் காய்ச்சல். இரண்டு இடத்திலும் டெங்கு என்றார்கள். ஒரே வீட்டு நுளம்பின் வேலை என்று விளங்கப் பெரிய படிப்பொன்றும் தேவையில்லை. இங்குள்ள ஆஸ்பத்திரி டாக்டர் என் முகத்தைவிட என் இரத்தத்தையே அதிகம் பார்த்தார். டெங்கில் நான்கு வகை இருக்கிறதாம். ஒவ்வொரு வகைக்குள்ளும் மரபணு கொஞ்சம் கொஞ்சம் மாறிய கிளைகள் உண்டாம், சில கிளைகள் ஆட்களை மோசமாக வீழ்த்துமாம். எனது எந்தக் கிளை என்று பார்க்க மேலும் இரண்டு குழாய் இரத்தம் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல் உற்சாகமாகப் போனார்.

ராத்தாவின் கணவர், என் மச்சான், கல்முனை பசாரில் துணிக்கடை வைத்திருப்பவர். வைரசைப் பற்றி அவரிடம் சொந்த ஆராய்ச்சி இருந்தது. டெங்கு இரண்டே வகை: கொழும்பு டெங்கு, ஊர் டெங்கு. கொழும்பு டெங்கு ஆளை முடித்துவிடும். ஊர் டெங்கு கடற்காற்றில் வளர்ந்த சாது. ராத்தாவோ முன்பு கொழும்பில் டெங்கு வந்து தப்பியவள், ஆகவே பயமில்லை. இந்த ஞானத்தை அவர் கடைக்கு வருகிறவர்களுக்குச் சாறனோடு சேர்த்து இலவசமாக வழங்கிவந்தார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். சொந்த ஊர் நோயைக்கூட விட்டுக்கொடுக்காத சனம் நாங்கள். வைரசுக்கு வைரசு வித்தியாசம் உண்டு என்ற பாதி உண்மை மச்சானிடம் இருந்தது. ஒரு வகையில் தப்பிய உடம்பு இன்னொரு வகையிடம்தான் படுமோசமாக மாட்டிக்கொள்ளக்கூடும் என்ற மறுபாதியைக் கேட்டுக்கொள்ள அவருக்கு நேரமில்லை.

எனக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று, வீட்டுக்கு விடுவார்கள் என்று காலில் போடச் சப்பாத்தைத் தேடினேன். தாதி என்னைத் திரும்பப் படுக்க வைத்தாள். சூடு இறங்கிய பிறகுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியுமாம், கை கால் குளிர்ந்தால் ஆபத்தாம், இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டுமாம். ராத்தாவுக்கும் இதே நாள் கணக்குத்தானே. உடனே மச்சானுக்கு அழைத்தேன்.

“காய்ச்சல் உட்டுட்டு மச்சான், அல்ஹம்துலில்லாஹ். நான் ஆஸ்பத்திரில சொல்லிப்போட்டு ஊட்ட கூட்டி வந்திட்டன்” என்றார்.

“ராத்தாட கை கால் எப்பிடிக் கிடக்கு?”

“குளிர்ந்து கிடக்கு. சூடு எறங்கினா குளிரும்தானே.”

“இப்பதான் ஆபத்து மச்சான்! திருப்பிக் கொண்டு போங்க!”

“கொழும்பு டெங்குக்கே தப்பினவ. இது நம்மட ஊர் டெங்கு. நீ பனிக்குள்ள கிடந்துக்கு எங்களுக்குப் படிப்பிக்காத.”

பின்னால் ராத்தாவின் குரல் மெலிதாகக் கேட்டது: “அவனோட சண்டை புடிக்காதீங்க. அவனுக்கும் காய்ச்சல். சாப்பிட்டானா கேளுங்க.”

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் மயங்கி விழுந்தபோதுதான் மச்சான் ஆட்டோ தேடி ஓடினார். ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மறுநாள் ராத்தா மௌத்தாகிவிட்டாள். நான் கையில் சேலைன் ஊசியோடு இங்கே கிடந்து அழுதேன். கொழும்பு டெங்கு இப்போது ஊருக்கும் வந்துவிட்டது என்று மச்சான் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அந்த மனிதரோடு நான் இன்னும் கதைப்பதில்லை.

சில மாதங்கள் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கணினித் திரையில் மரம்போல் கிளைவிட்ட ஒரு படத்தைக் காட்டினார். எனக்கு வந்தது அந்த மோசமான கிளைகளில் ஒன்றுதானாம். முதல் தடவை என்பதால் தப்பியிருப்பேனாம். கிளையின் நுனியில் ‘நோர்வே’ என்று எழுதியிருந்தது. இரத்தம் எடுத்த நாட்டின் பெயரைத்தான் போடுவார்களாம். இத்தனை வருடமாக எனக்குக் கிடைக்காத குடியுரிமையைச் சாய்ந்தமருது வைரசு ஒரே ஊசியில் வாங்கிவிட்டது! அதே வீட்டில் என் சகோதரிக்கும் வந்தது என்றேன். “அருமை! அவருடைய மாதிரி கிடைக்குமா? இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமே” என்று கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். அவள் இறந்துவிட்டாள் என்றதும் முகம் வாடி, மெய்யாகவே வருந்தினார். பிறகு, மாதிரி இல்லாமல் அவளை மரத்தில் சேர்க்க முடியாது என்று விளக்கினார். ‘நோர்வே’க்குப் பக்கத்தில் திரை வெள்ளையாகக் கிடந்தது. ராத்தா சாய்ந்தமருது மையவாடி மணலுக்குள் இருக்கிறாள்; அவளைக் கொன்றது என் இரத்தத்துக்குள் உறைந்து, இந்த ஆஸ்பத்திரியின் குளிர்ப்பெட்டியில், நோர்வேக்காரனாகப் பத்திரமாக இருக்கிறது.